பயாலஜி மட்டும் வேண்டாம்

அன்று வெளியே மழை பெய்ததா, மாடித் தொட்டி நிரம்பி வழிந்ததா என்பது இப்போது அவருக்குச் சரியாக நினைவில் இல்லை. ஏதோ ஒரு தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மகள் கையிலிருந்த பேனாவை அவர் வெடுக்கென்று பிடுங்கியது மட்டும் நிச்சயம்.

"எந்த குரூப் வேணும்னாலும் எடு. பயாலஜி மட்டும் வேண்டாம்."

மேசைமேல் இரண்டு பள்ளிகளின் விண்ணப்பங்கள் கிடந்தன. ஒன்று, பெரிய ஆய்வகம் உள்ள பள்ளி. இன்னொன்றில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும்தான். அவர் அதைத்தான் மகள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். பத்தாவதில் அறிவியலில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள் அவள்.

"ஊரே பயாலஜி சீட்டுக்கு நாயா அலையுது" என்றாள் மனைவி. "வீடு தேடி வந்ததை வேணாங்கிறாரே இந்த மனுஷன்!"

"தவளை அறுக்கணும். ரத்தத்தைப் பார்த்தா இவளுக்கு மயக்கம் வரும்."

"எனக்கா?" மகள் சிரித்தாள். "உங்களுக்குத்தான்ப்பா வரும்போல இருக்கு. முகத்தைப் போய்க் கண்ணாடில பாருங்க."

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர் அவர். விடுமுறை விட்டால் போதும், மகள் அங்கேதான் கிடப்பாள். கண்ணாடித் தகடுகளைக் கழுவிக் கொடுப்பாள். அவர் சாப்பிடப் போகும்போது அறையைப் பார்த்துக்கொள்வாள். "சின்ன டெக்னீஷியன்" என்றே அங்கே அவளுக்குப் பெயர்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் அந்தப் பெரிய பள்ளிக்குப் போனார். உயிரியல் டீச்சர் உற்சாகமான பெண்மணி.

"பிராக்டிகல்ல ரத்த குரூப் பார்க்கிறது உண்டா டீச்சர்?"

"அதில்லாமலா? அவங்கவங்க விரல்ல ஒரு துளி எடுத்து அவங்கவங்களே பார்க்கணும். அப்பா அம்மாவோட குரூப்பையும் கேட்டுட்டு வரச் சொல்வேன். யாருக்கு எது எங்கிருந்து வந்ததுன்னு போர்டுல எழுதிப் பார்ப்போம். பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கிளாஸ் சார் அது."

"வெளியிலேர்ந்து ரத்தம் கொண்டுவந்து செஞ்சா என்ன?"

டீச்சர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பழைய நாள்தான் கண்முன் நின்றது. பிறந்து சில வாரமே ஆன குழந்தையை ஒரு காப்பகத்திலிருந்து துண்டில் சுற்றி எடுத்து வந்த நாள். அவருக்கும் மனைவிக்கும் 'ஓ'. ஓவும் ஓவும் சேர்ந்தால் ஓதான் பிறக்கும். குழந்தையின் குதிகாலில் ஒரு துளி எடுத்துத் தகட்டில் வைத்தார். மருந்தை விட்டதும் மணல் மணலாகத் திரிந்தது. 'பி'. மனம் கேட்காமல் இன்னொரு முறை பார்த்தார். அந்தத் துளி பொய் சொல்லவில்லை.

அந்த மாதமே ஊரை மாற்றிக்கொண்டு வந்தார்கள். பள்ளி அடையாள அட்டையில் 'ஓ' என்றே எழுதிக் கொடுத்தார். பி உள்ளவர்களுக்கு ஓ ஏற்றினால் கெடுதல் இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்.

சமையலறையில், டீச்சர் சொன்னதைக் குரலைத் தாழ்த்தி மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்தாள்.

"சொல்லிடலாம்ங்க."

"சொன்னா அப்புறம் என்னை அப்பான்னு கூப்பிடுவாளா?"

"கூப்பிடாம? சார்னா கூப்பிடப் போறா?" சிரிக்கத்தான் பார்த்தாள், முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது. "நம்ம பயத்துக்கு அவ படிப்பைப் பலி கொடுக்கறதாங்க?"

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பேனாவை மகளிடம் அவரே நீட்டினார்.

"உன் இஷ்டம்மா. எடுத்துக்கோ."

"நிஜமாவாப்பா?"

"எழுதும்மா, சீக்கிரம். மறுபடி மனசு மாறிடப் போகுது."

பள்ளி தொடங்கியது. அவர் ஒவ்வொரு நாளும் அந்த வகுப்பு வந்துவிட்டதா என்று கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்கு என்ன பாடம்?" என்பார். இலை, வேர், தவளை என்று அவள் சொல்லச் சொல்ல மூச்சு திரும்பும்.

ஒருநாள் காலை ஷூ மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "இன்னைக்கு பிளட் குரூப்பிங்ப்பா. உங்க ரெண்டு பேருக்கும் ஓ தானே?"

அவர் வேலைக்குப் போகவில்லை. சொல்லவேண்டிய வார்த்தைகளை நாள் முழுக்க அடுக்கினார். எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் 'நீ' என்ற இடத்தில் வந்து நின்றது. எதிரே மனைவி, மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மகள் வந்தாள். விரல் நுனியில் துளிப் பஞ்சு ஒட்டியிருந்தது. பையை நாற்காலியில் போட்டுவிட்டு, நின்றபடியே தண்ணீர் குடித்தாள். குடித்து முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"இப்படி உட்காரும்மா" என்றார். சொந்தக் குரலே அவருக்கு வேற்றாளுடையதாகக் கேட்டது. "உன்கிட்ட அப்பா ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளைக்கு முன்னாலயே சொல்லியிருக்கணும்…"

அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. எனக்கும் ஓ தான் வந்துச்சு."