கோட்டுக்குக் கீழே ஒரு பெயர்

அதிபர் மாறப்போகிற வாரம். சந்தையைத் திறந்துவைத்ததால் தொழிற்சாலை வேலைகள் பெருகின என்றது போகிற அரசு. அதனால்தான் அவை அழிந்தன, இறக்குமதிக்கு வரி போட்டால்தான் மீளும் என்றது வருகிற அரசு. வாஷிங்டன் அலுவலகம் ஒன்றில் போகிற அரசுக்கு, தொழிற்சாலை வேலைகளின் எண்ணிக்கை ஏறுவதாக வரைபடக் கோடு வரைந்து கொடுத்த இளம்பரிதி, இப்போது வருகிறவர்களுக்காக அதையே வரைய உட்கார்ந்தான். எண் எதையும் அவன் தொடவில்லை. கோடு தொடங்கும் வருடத்தை மட்டும், வேலைகள் நிறைய இருந்த பழைய காலத்துக்குத் தள்ளினான். கோடு இறங்கிவிட்டது.

பிரிண்டர் அறைக்குப் போனால், அங்கே யசோதரா நின்றிருந்தார். அவனை வேலைக்கு எடுத்த மேலதிகாரி. அரசோடு சேர்ந்து அவரும் நாளை கிளம்புகிறார். தன்னுடைய விடைபெறும் கடிதத்தை எடுக்க வந்தவரின் கையில் அவனுடைய தாள் இருந்தது, சூடு ஆறாமல்.

"நம்ம கோடுதானே இது?" என்று தமிழில் கேட்டார்.

"ஆமா மேடம்."

அவர் தாளின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். வரைந்தவர் பெயரை அங்கே போடுவது அந்த அலுவலகத்தின் வழக்கம்.

"பேர் விட்டுப்போச்சே. நம்மளோடதுல எல்லாம் மறக்காம போடுவ."

கோபமே இல்லாமல் தன் பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டான். அவருடைய கடிதம் அச்சாகி முடியும்வரை பேனாவின் மூடியைத் திருகியபடியே நின்றான்.