தகப்பன் கையெழுத்து

“தகப்பன் கையெழுத்து இல்லாம லிஸ்டுல பேரு போட ஏலாது. போயி வாங்கிட்டு வா” என்றார் பாடசாலை அதிபர் மயில்வாகனம், எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையை எடுக்காமலேயே.

ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண் நகரவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுத் தாய்மார் சாக்கையும் குடையையும் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள், நிர்வாகியான துரையோடும் கிளாக்கரோடும் பேசுவது ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான். அந்த வழக்கம் மயில்வாகனத்துக்கு ரொம்பப் பிடித்துப்போய், பாடசாலைக்கும் அதையே கொண்டுவந்துவிட்டார். ஜன்னலை ஒட்டி மேசை. பெற்றோர் வெளியே, அதிபர் உள்ளே. தகரக் கூரையில் மழை வேறு வெளுத்து வாங்கியது. பாதிப் பேச்சு அதிலேயே கரைந்துவிடும். மீதிப் பாதியை அவர் கேட்பதாகப் பாவனை செய்வார்.

அன்று பாவனைக்கும் நேரமில்லை. மறுநாள் கேகாலையில் ஆசிரியர் கூட்டம். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளைப் பற்றி மூன்று பயிற்சிச் செயலமர்வுக்குப் போய், மூன்று சான்றிதழையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரே அதிபர் அவர் என்பதால் சிறப்புரை அவருக்கே வந்தது. ‘பிள்ளைகளுக்குச் செவிகொடுப்போம்’ என்று தலைப்புப் போட்டு மூன்றாம் பக்கத்துக்கு வந்திருந்தார்.

“அவரு போட மாட்டேங்கிறாருங்க சேர்,” என்றது வெளியே நின்ற குரல். “சனிக்கிழமை தனிக் கிளாஸுக்கு அனுப்புனா தோட்டமே சிரிக்கும், எம்புள்ள என்ன பைத்தியமான்னு கேக்குறாரு. லிஸ்டு இன்னைக்கு மூணு மணிக்குப் போவுதாம். இத விட்டா அடுத்த வருசந்தான்னு சுகந்தினி டீச்சர் சொன்னாங்க.”

மயில்வாகனத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. உரைக்கு ஓர் உதாரணம் கிடைக்காமல் காலையிலிருந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். அது தானாக ஜன்னலுக்கே வந்து நிற்கிறது. பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று விசாரித்தார். பெயரைக் கேட்கவில்லை. உதாரணத்துக்குப் பெயர் எதற்கு?

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பெண் பிள்ளை, தரம் மூன்று. கணக்கில் கெட்டி. யாராவது ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும், பாடம் முழுவதையும் அப்படியே ஒப்பித்துவிடுவாள். அதனால் அவள் வாசிக்கவே இல்லை என்பது இரண்டு வருடமாக வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. புதுப் பக்கத்தைத் திருப்பினால்தான் அழுகை. சுகந்தினி டீச்சர் இடைவேளையில் மணலில் விரலால் எழுதவைத்துச் சொல்லிக்கொடுத்ததில், பதினெட்டு எழுத்து இப்போது தடுமாறாமல் வருகிறதாம்.

“தகப்பன் என்ன பண்றான்?”

“அந்தியில புஸ்தகத்தத் தெறந்து வச்சிக்கிட்டு அடிமட்டத்தால அடிக்கிறாருங்க. சோம்பேறின்னு ஏசுறாரு. இப்பெல்லாம் அவரு செருப்புச் சத்தம் கேட்டாலே புள்ள புஸ்தகத்த ஒளிச்சிருது.” “எனக்குப் பாக்க முடியலங்க சேர்.”

“குடியா?”

“தொட மாட்டாருங்க.”

“குடிக்காமலேயே இப்பிடியா?”

வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று மயில்வாகனம் குரலை உயர்த்தினார். எழுத்துப் பிடிபடாதது சோம்பலும் அல்ல, மக்குத்தனமும் அல்ல, அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர், பொறுமையாக வேறு முறையில் சொல்லிக்கொடுத்தால் வாசிப்பு வரும், அடித்தால் பயம்தான் வரும் என்று செயலமர்வில் கேட்டதை ஒரு சொல் பிசகாமல் எடுத்துவிட்டார். வரிசையில் யாரோ இருமுவது போலக் கேட்டது. உருகிப்போய் விம்முகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

“புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. கொறை அந்த மடையனுக்குத்தான். மொதல்ல அவன மணல்ல ஒக்கார வச்சி எழுதப் பழக்கணும்.”

சொன்னது அவருக்கே பிடித்துப்போனது. அதையும் உரையில் சேர்த்துக்கொண்டார். பிறகு படிவத்துக்காகக் கையை மட்டும் ஜன்னல் பக்கம் நீட்டினார். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவில்லை. அதிபர் ஒப்பமிடும் கோடு எங்கே என்று மட்டும் தேடி, பச்சைப் பேனாவால் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“என்ட கையெழுத்து இருக்கு. தகப்பன் கோடுதான் காலி. மூணு மணிக்குள்ள அந்த ஆளு போட்டே ஆகணும். மாட்டேன்னா அவன் மனுசனே இல்லன்னு நான் சொன்னதா சொல்லு.”

“அப்ப போட்டுருங்க,” என்று படிவத்தை மறுபடியும் அவர் மேசைக்கே தள்ளினாள் அவள்.

மயில்வாகனம் அன்று முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம், பதினொரு வருடமாக வீட்டில் பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் ‘ம்’ மட்டும் கொட்டிக்கொண்டிருந்த குரலுக்குச் சொந்தக்காரி, அவருடைய மனைவி விஜயகலா, மழையில் நனைந்துகொண்டு நின்றிருந்தாள்.