பதினான்கு ஊசிகள்

“பதினாலு ஊசி அதிகமாப் போயிருக்கே சிஸ்டர், யாருக்குப் போட்டீங்க?”

பிரசவ வார்டின் தலைமை நர்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். முப்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தவள் அவள். வருவார்கள், டீ குடிப்பார்கள், சுவரில் சுண்ணாம்பு உரிந்திருக்கிறது என்று ஒரு குறை எழுதுவார்கள், போய்விடுவார்கள். ஆனால் சுகாதாரத் துறையின் புள்ளிவிவரப் பிரிவிலிருந்து காலையில் வந்திறங்கிய இந்த அம்மாள் டீயைத் தொடக்கூட இல்லை. மூன்று வருஷத்துப் பிரசவப் பதிவேட்டையும் மருந்து நோட்டையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, பார்த்து முடித்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில், வால் நீண்ட கையெழுத்து ஒன்றைப் போட்டபடியே இருந்தாள்.

“எந்த ஊசி மேடம்?” நர்ஸ் ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

“பொறந்த உடனே, ரத்தம் கசியாம இருக்கத் தொடையில போடுவீங்களே, அந்த வைட்டமின் ஊசி. உயிரோட பொறந்தது ஆயிரத்து நூத்தி எண்பத்தாறு. போட்ட ஊசி ஆயிரத்து இருநூறு.”

“கை தவறி உடைஞ்சிருக்கும்.”

“உடைஞ்சதைத் தனியா எழுதியிருக்கீங்க. ஆறு. அதைக் கழிச்சுட்டுத்தான் சொல்றேன்.”

நர்ஸ் தன்னையே நொந்துகொண்டாள். பிரசவப் பதிவேட்டில் கூசாமல் பொய் எழுதிய கைக்கு, மருந்து நோட்டில் ஒரே ஒரு ஊசியைக்கூட மறைக்க வரவில்லை. முப்பது வருஷப் பழக்கம், லேசில் போகுமா?

“அந்தப் பதினாலும் எந்தெந்தத் தேதின்னு பார்த்தேன். ஒவ்வொரு தேதியிலயும் ‘இறந்தே பிறந்தது’ன்னு ஒரு குழந்தையை எழுதியிருக்கீங்க. செத்துப் பொறந்த குழந்தைக்கு யாராவது ஊசி போடுவாங்களா சிஸ்டர்?”

நர்ஸ் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். வருகிற வெள்ளிக்கிழமை இந்த மருத்துவமனைக்கு விருது. மூன்று வருஷமாகச் சிசு மரணம் பூஜ்யமாம். கேடயம் வைக்க டாக்டர் தன் அறையில் அலமாரியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். அவளுக்கோ ஓய்வு பெற இன்னும் எட்டே மாதம். உண்மையைச் சொன்னால் வேலையும் போகும், பென்ஷனும் போகும்.

“சரி, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அதுங்க அழுதுச்சா?”

அவ்வளவுதான். நர்ஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

“அழுதுச்சு மேடம். பதினாலும் அழுதுச்சு. சிலது அரை மணி நேரம், சிலது ஒரு மணி நேரம். ‘பொறந்து செத்துச்சுன்னு எழுதினா விசாரணை, செத்துப் பொறந்துச்சுன்னு எழுதினா எவனும் கேக்க மாட்டான்’னு டாக்டர் சொன்னார். எழுதினேன்.”

“பெத்தவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“அழுத சத்தம் கேட்டுச்சேன்னு சில பேர் கேட்டாங்க. மயக்கத்துல அப்படித்தான் தோணும், உன் பிரமைம்மான்னு சொன்னேன்.”

அதிகாரி பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “எதனால போச்சு?”

“குளிரு மேடம், குளிரு! எல்லாம் குறைமாசம், எடை கம்மி. கையிலேயே சில்லிட்டுப் போச்சு. அந்த மூலையைப் பாருங்க.”

மூலையில் நாலு சக்கரத் தடங்களும் சும்மா கிடந்த ஒரு பிளக் பாயிண்டும்தான் இருந்தன.

“குழந்தையைச் சூடா வெச்சுக்கிற வார்மர் அங்கதான் நின்னுச்சு. அது இருந்த வருஷத்துல போனது ரெண்டே ரெண்டு. அதை மறைச்சு பூஜ்யம்னு எழுதினோம். எங்க புத்தியைச் செருப்பால அடிக்கணும். சாவே இல்லாத ஆஸ்பத்திரிக்கு வார்மர் எதுக்குன்னு மேல யாரோ ஒரு காகிதத்துல எழுத, ஒரே வாரத்துல வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. மிச்சம் பன்னிரண்டும் அதுக்கப்புறம்தான். அந்த ஆளு ஒரு தடவை வந்து இந்த வார்டை எட்டிப் பார்த்திருந்தா என்ன குறைஞ்சா போயிருக்கும்? கையெழுத்துப் போட்ட அந்தக் கை விளங்காமப் போக!”

பச்சைப் பேனா சட்டென்று நின்றது. பிறகு மறுபடி எழுதியது.

“அறிக்கையில பொறுப்பானவங்க பேரை எழுதணும். மொத்தம் மூணு பேர். முதல்ல டாக்டர், ரெண்டாவது நீங்க. இதை மறைக்க முடியாதுக்கா.”

காலையிலிருந்து சிஸ்டர் என்றவள் அக்கா என்றதும் நர்ஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“தாராளமா எழுதுங்க. நான் செஞ்சதுக்கு இதுவே கம்மி. வார்மர் திரும்ப வருமா?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள வரும். விருதுதான் வராது.”

“அது கிடக்குது குப்பை. மூணாவது யாரு, அந்தக் காகிதம் எழுதின ஆளா? விட்டுடாதீங்க மேடம்!”

“விட மாட்டேன்” என்ற அதிகாரி, அலுவலகக் கோப்பிலிருந்து எடுத்து வந்திருந்த ஒரு தாளைப் பைக்குள்ளிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

நர்ஸ் கண்ணைத் துடைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ‘இம்மருத்துவமனையில் சிசு மரணம் பூஜ்யம் என்பதால், வார்மரை வேறிடத்துக்கு மாற்றப் பரிந்துரைக்கிறேன்.’

அதன் அடியில், காலையிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே பச்சை மை, அதே வால் நீண்ட கையெழுத்து.