மருந்து கலக்கத் தகுந்தவள்

வாருங்கள் தாய்மாரே, தோழர்களே! புற்றுநோய்ப் பிரிவின் கடைக்கோடியில், மருந்து கலக்கும் இந்தச் சிற்றறைக்குள் வந்து நில்லுங்கள். இங்கே நடக்கும் அநீதிக்குச் சாட்சிகள் வேண்டும்.

கை கழுவும் தொட்டியில் வாந்தியெடுத்துவிட்டு இப்போதுதான் நிமிர்கிறாள் இளைய செவிலி. பதறி ஓடிவந்த மேட்ரன், அவள் கையிலிருந்த மருந்துக் குப்பியைப் பிடுங்குகிறார்.

"ஏண்டி, உண்டாகியிருக்கேன்னு வாயத் திறந்து சொன்னா என்ன? ஊமையா நீ?"

"வேலை போயிடுமோன்னு பயம் மேடம். ரெண்டு மாசம்தான் ஆகுது."

"ரெண்டு மாசம்தானா? இது பட்டா உள்ள இருக்கறது தங்குமாடி? போ, போய் வார்டுல ஜுரம் பாரு. இனிமே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே, காலை ஒடிச்சிடுவேன்."

பெற்ற தாயும் இப்படிப் பரிந்து பேசுவாளா என்று தோன்றுகிறதல்லவா? இளையவளின் கண்கள் கலங்குகின்றன.

பிடுங்கிய குப்பி மூத்த செவிலியின் முன்னால் வந்து அமர்கிறது. ஆண்டுக்கணக்கில் மருந்து கலக்கும் மேசையருகிலேயே நிற்பவள் அவள். கையில், புண்ணுக்குக் கட்டுப் போடும்போது மாட்டுகிற மெல்லிய உறை. வாயை மூட ஒரு துணி. குப்பியிலிருந்து ஊசியை உருவும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறித்து அவள் முகத்தில் படிகின்றன. அவற்றை உறிஞ்சியிழுக்கக் கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. அதை வாங்கத்தான் இங்கே எவருக்கும் மனம் வரவில்லை.

"பெட்டி எப்ப மேடம் வரும்?"

"வரும், வரும். என் பேரன் டாக்டராகி வந்து திறந்து வைப்பான்."

"அதுவரைக்கும் நான் ஒருத்தியே கலக்கணுமா? மத்தவங்களுக்கும் முறை போடலாம்ல?"

"யாருக்குப் போடறது, சொல்லு! இவ மாசமா இருக்கா. ஒருத்திக்குக் கைக்குழந்தை. இன்னொருத்திக்கு இப்பத்தான் கல்யாணம் ஆச்சு. நீதான் புள்ளை இல்லாதவ. உனக்கு இதுல என்னடி போகப்போகுது?"

வாசலில் தயங்கி நிற்கும் இளையவளைப் பார்த்து மேட்ரன் சிரிக்கிறார்.

"இவளும் வந்த புதுசுல உன்னை மாதிரிதான். எந்நேரமும் அந்தத் தொட்டியிலதான் முகம். கொஞ்ச நாள்ல தானா நின்னுபோச்சு. இப்பப் பாரு, கல்லு மாதிரி நிக்கறா."

மூத்தவள் குப்பியைத் தொடவில்லை.

"எனக்கும் அப்ப மூணு மாசம், மேடம்."

இளையவளின் கை அவளையறியாமல் வயிற்றைப் பொத்துகிறது. மேட்ரன் இப்போது தலைகுனிவார், மன்னிப்பாவது கேட்பார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்?

அவர் குப்பியை இன்னும் சற்று அவள் பக்கம் நகர்த்துகிறார்.

"தெரியும்டி. அப்ப கலக்க எனக்கு உன்னை மாதிரி புள்ளை இல்லாத ஒருத்தி கிடைக்கலையே!"

சாட்சிகளே, புறப்பட்டுப் போங்கள்! உங்கள் ஊர் மருத்துவமனையில் இந்த மருந்தைக் கலக்குகிறவள் யார், அவளைக் காப்பது எது என்று கேளுங்கள். பதில் வரும்வரை வாசலை விட்டு நகராதீர்கள்!