சியால்தாவில் புறப்பட்ட டிராம்

"நான் பார்க்கப்போறதில்லைன்னு அவன்கிட்ட சொல்லிடு" என்றார் ஹிமாத்ரி, மனைவியிடம். அந்த 'அவன்' ஆறடி தள்ளித் தரையில் உட்கார்ந்து பொரியில் கடுகெண்ணெய் பிசைந்துகொண்டிருந்தான்.

எட்டு மாதமாக இந்த வீட்டில் சுலேகாதான் தபால்காரி. டுக்காய் வங்கி வேலையை உதறிவிட்டு ஊர் ஊராக வினாடி வினாப் போட்டிக்குப் போகத் தொடங்கிய அன்றோடு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

இன்று டிவியில் அவன் கலந்துகொண்ட போட்டியின் இறுதிச்சுற்று. மூன்று வாரம் முன்பே படம்பிடித்து முடித்தாயிற்று. முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று அவனிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"பெத்தவகிட்ட கூடவாடா சொல்லக்கூடாது?" என்று அவள் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள்.

"உன்கிட்ட சொன்னா பத்து நிமிஷத்துல பிமல் காகுவுக்குத் தெரிஞ்சுடும், மா."

சித்தப்பா முறையில் அவன் 'காகு' என்று கூப்பிடும் அந்த மாடிவீட்டு பிமல் பாபு இப்போது பிரம்பு நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணி, உங்க பிள்ளை மூஞ்சியைப் பாருங்க. ஜெயிச்ச மாதிரியும் இருக்கு, தோத்த மாதிரியும் இருக்கு. இப்படி ஒரு மூஞ்சியை வச்சுக்கிட்டு வங்கியில எப்படி வேலை பார்த்தான்?"

"டீயைக் குடிங்க காகு. ஆறிடும்."

ஹிமாத்ரி செருப்பை மாட்டிக்கொண்டார். குடையை எடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து ஜன்னலைச் சாத்தினார், உடனே திறந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் சுலேகா.

"பதிப்பகத்துல கொஞ்சம் வேலை."

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் வாரத்தில் மூன்று நாள் காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஏதோ ஒரு பதிப்பகத்துக்குப் பிழைதிருத்தப் போய்க்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காலேஜ் ஸ்ட்ரீட்ல எவன் கடையைத் திறந்து வச்சிருக்கான்?" என்றாள். அவர் போகவில்லை. செருப்புக் காலோடு நிலைப்படியில் சாய்ந்து நின்றுவிட்டார்.

பிடிவாதம் கரைகிறது என்று நினைத்துக்கொண்டாள் சுலேகா. பெற்ற மனசு வேறென்ன செய்யும்.

திரையில் டுக்காய்க்கும் மேதினிபூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கும் இழுபறி. அவன் முந்தினால் அவள் எட்டிப்பிடித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் பிமல் பாபு நாற்காலியின் நுனிக்கு வந்தார். சுலேகா புடவைத் தலைப்பைக் கசக்கிக் கயிறாக்கிவிட்டாள். நடக்கிற கூத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவன் போலப் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தான் டுக்காய்.

கடைசிக் கேள்வி வந்தபோது இருவருக்கும் ஒரே மதிப்பெண். முதல் வாய்ப்பு டுக்காய்க்கு. அவன் விட்டால் அந்தப் பெண்ணுக்கு.

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்து மூணுல சியால்தாவுல புறப்பட்ட நம்ம ஊரோட முதல் டிராம், எந்தப் படித்துறைக்குப் போச்சு?" என்று வாசித்தார் கேள்வி கேட்பவர்.

"'குதிரை'யை விட்டுட்டான்" என்று முணுமுணுத்தார் ஹிமாத்ரி. "குதிரை டிராம்னு இருக்கணும்."

முப்பத்தைந்து வருஷ வாத்தியார் புத்தி. எந்த நேரத்தில் எதைத் திருத்துகிறார் பார் என்று சுலேகாவுக்கு எரிச்சல் வந்தது. அடுத்த கணம் அது பறந்துபோயிற்று. ஏனென்றால் பதில் அவளுக்கே தெரியும்.

டுக்காய்க்கு அப்போது ஏழு வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்த டிராம் போன வழி முழுவதையும் நடந்தே பார்த்துவிட்டு வந்தான். கொப்புளம் போட்ட காலை அவள்தான் வெந்நீரில் வைத்தாள். அதன்பின் ஒரு வாரம் அவன் வாயில் வேறு பேச்சே இல்லை.

"தெரியும், இது அவனுக்குத் தெரியும்" என்று பிமல் பாபுவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

திரையில் டுக்காயின் உதடு பிரிந்தது. மூடிக்கொண்டது. மேசையைப் பார்த்தான். கடிகாரம் ஓடியது.

"பாஸ்" என்றான்.

"ஆர்மீனியப் படித்துறை" என்றாள் மேதினிபூர்ப் பெண். மேலிருந்து அவள் தலையில் வண்ணக் காகிதங்கள் கொட்டின.

சுலேகா திரும்பி மகனைப் பார்த்தாள். பொரிக் கிண்ணம் கீழே இருந்தது. அவன் திரையைப் பார்க்கவில்லை. நிலைப்படியில் நின்ற அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சே, என்னடா இது. எனக்கே தெரியுமே" என்றார் பிமல் பாபு.

"கேட்டப்பவே தெரியுமா காகு?"

"இப்பதான் தெரிஞ்சுது" என்று ஒப்புக்கொண்டு, தோல்வி வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அவர் மாடியேறிப் போனார்.

சுலேகா கணவரைப் பார்த்தாள். இனி வங்கி வேலைப் பேச்சு வரும். நான் அன்றைக்கே சொன்னேனே என்பார். அவள் டிவியை அணைத்தாள்.

ஹிமாத்ரி செருப்பைக் கழற்றினார். முட்டியைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து, மகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"டுக்காய்" என்றார். எட்டு மாதத்தில் முதல்முறை. "உனக்கு அந்த பதில் மறந்தே போச்சா?"

"மறக்கல, பாபா. அந்தக் கேள்வியை எழுதிக் குடுத்தது நீங்கதான்னு கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எப்படி நான் அதுக்குப் பதில் சொல்றது?"