ஜன்னல் விளிம்பு டம்ளர்

வீட்டு வேலைக்கு வரும் செல்லத்தாய் குடிப்பதற்கென்று தனியாக ஒரு சில்வர் டம்ளர் உண்டு. அதற்கு ஜன்னல் விளிம்புதான் இடம். மழைக்காற்று தள்ளிவிடுமோ என்று பயந்து, "அண்ணே, அலமாரியில ஒண்டிக்கட்டுமா?" என்று பீங்கான் கோப்பையிடம் கேட்டது.

"அவ கை பட்டவன் நீ. கிட்ட வராதே."

"உங்களைத் தினமும் கழுவுறது யாரு கை?"

கோப்பைக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து அவள் கையில் சிக்காமல் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. காபிக் கறையில் பூசணம் பூத்து நாறியது. வீட்டுக்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அதை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"தள்ளி உட்காருடா" என்றது கோப்பை.

"சரிண்ணே. ஆனா காத்தடிச்சு விழுந்தா நான் நசுங்குவேன், நீங்க நொறுங்கிடுவீங்க."

கோப்பை மெதுவாக டம்ளரை ஒட்டி உட்கார்ந்தது.