ஆரஞ்சு வயர்

திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதில் சாரங்கபாணிக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது.

கீழே பார்க்கிங்கில் தேசிக்கின் எலெக்ட்ரிக் கார் நின்றது. அதன் சார்ஜ் மூடி திறந்திருந்தது. அங்கிருந்து ஓர் ஆரஞ்சு வயர் தரையில் நெளிந்து போய், தரைத்தள வீட்டின் ஜன்னலுக்குள் நுழைந்திருந்தது.

காலையிலிருந்து லிஃப்ட் ஓடாததால் மூன்று மாடியும் படியிறங்கி வந்தவர், தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அது செல்வமேரியின் வீடு. புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் வீட்டுக்குக் கூட்டி வருவதுமாக அலைகிறவள். அவள் மீட்டரிலா இவன் கை வைக்கிறான்?

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய அந்த அடுக்ககத்துக்கு சாரங்கபாணிதான் செயலாளர். முதல் மாடி தேசிக் கார் வாங்கிய புதிதில், பார்க்கிங்கில் சார்ஜிங் பாயின்ட் வைக்க அனுமதி கேட்டான்.

"என் மீட்டர்லேருந்தே லைன் இழுத்துக்கறேன் மாமா. பெட்ரோலுக்கு ஆற செலவுல கால்வாசிதான் இதுக்கு. புகை கிடையாது, சத்தம் கிடையாது."

"அதெல்லாம் சரிடா. பேட்டரி பத்திண்டா யார் பொறுப்பு? நான் பங்க்ல அஞ்சு நிமிஷம் நின்னா மதுரை போயிட்டு வந்துடுவேன். உனக்கு நடுவழில சார்ஜ் தீர்ந்தா தள்ளிண்டு வருவியா?"

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அனுமதி கிடைக்கவில்லை.

பேட்டரி பயமெல்லாம் பேச்சுக்குத்தான். சார்ஜிங் பாயின்டுக்குத் தோதான சுவர் ஒன்றே ஒன்று. அதன் நிழலில்தான் சாரங்கபாணி தன் பெட்ரோல் காரை நிறுத்துவார். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அது அவருக்கும் பெருமாளுக்கும் மட்டுமே தெரியும்.

அதன்பிறகு தேசிக் தில்லைநகரில் ஒரு சார்ஜிங் ஸ்டேஷனுக்குப் போய்க் காத்துக் கிடந்தான். ஒருநாள் அந்த வழியாகப் போன சாரங்கபாணி பார்த்தார். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த தேசிக்கின் மனைவி ஹம்ஸா, நிறைமாத வயிற்றோடு முன்சீட்டில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை விரட்டினார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இப்படி உறுத்திண்டே இருக்கறதுக்கு, அந்தப் பையனுக்கு சரின்னு சொல்லிடலாமே," என்றாள் மனைவி வைஜயந்தி.

சொல்லவில்லை. தேசிக்கைப் படியில் பார்த்தால் ஏதாவது மறந்துவிட்டவர்போல வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

இனி அப்படி ஒளிய வேண்டாம். அனுமதி கொடுக்காதது நியாயம்தான் என்று இந்த வயரே சாட்சி சொல்கிறதே!

குனிந்து, காரோடு மாட்டியிருந்த பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டார். எங்கிருந்தோ 'பீப், பீப்' என்று விடாமல் ஒரு சத்தம் எழுந்தது. காரின் அலாரமாக இருக்கும், கத்தட்டும். விறுவிறுவென்று படியேறினார்.

தேசிக் கதவைத் திறந்தான். "வாங்கோ மாமா."

"உபசாரமெல்லாம் வேண்டாம். அந்தப் பொண்ணு படற கஷ்டம் போறாதா? அவ வீட்டுக் கரண்ட்ல உன் காருக்கு சார்ஜ் ஏத்தறியே, வெக்கமா இல்லே? நானே பிடுங்கிப் போட்டுட்டேன்."

"எதை மாமா?"

"அந்த ஆரஞ்சு வயரைத்தான்."

தேசிக்கின் முகம் வெளுத்தது. அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு, வெறுங்காலோடு தாவித் தாவி இறங்கினான். குட்டு உடைந்ததும் ஓடுகிறான் என்று நினைத்து சாரங்கபாணியும் பின்னாலேயே இறங்கினார்.

அவர் கீழே வருவதற்குள் தேசிக் பிளக்கை மறுபடி மாட்டியிருந்தான். பீப் சத்தம் நின்றது. செல்வமேரி வீட்டுக்குள் ஏதோ ஒரு மெஷின் 'உஸ்ஸ்' என்று ஓடத் தொடங்கியது.

சாரங்கபாணி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கட்டிலில் செல்வமேரியின் கணவர், உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். தலைமாட்டில் இருந்த மெஷினில் போய் முடிந்தது அந்த ஆரஞ்சு வயர்.

வீட்டில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்ததில், காலையிலிருந்து தெருவிலேயே கரண்ட் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டிலிருந்து காருக்கு எதுவும் போகவில்லை. காரிலிருந்துதான் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.



செல்வமேரி அழுதபடி வெளியே ஓடிவந்தாள். "இப்பத்தான் தம்பி மூச்சு சீரா வருது. நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு, திடீர்னு எப்படி நின்னுச்சு? யாராச்சும் வயரைப் புடுங்கிட்டாங்களா?"

சாரங்கபாணி வாயைத் திறந்தார்.

தேசிக் அவரை ஒரு கணம் பார்த்தான்.

"தானா கழண்டு விழுந்துடுச்சுக்கா. மாமாதான் பாத்துட்டு ஓடி வந்து சொன்னாரு."